ஏட்டளவும் இடத்தளவும்

திருநெல்வேலி என்ற ஊர்ப்பெயரை மட்டும் ஒரு வெற்றுக் கோப்பில் தட்டெழுதி, வேறெதுவும் சேர்க்காமல் சேமித்தால், கணினி அதன் அளவை 36 பைட் என்று சொல்லும். அதே கோப்பு வட்டில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று கேட்டால், லினக்ஸ் கணினி பெரும்பாலும் 4096 பைட் என்று பதில் தரும். அதை ஒரு 64 ஜிபி பென்டிரைவுக்கு நகல் எடுத்தால், அங்கே அது பிடிக்கும் இடம் 1,31,072 பைட்டாக இருக்கக்கூடும். விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் வட்டில் வைத்துப் பார்த்தாலோ, பிடித்த இடம் 0 பைட் என்றுகூடக் காட்டும். ஊர்ப்பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இவற்றுள் எது உண்மையான அளவு என்று கேட்பவர்கள் பலர். ஒன்றை மெய்யென்று எடுத்துக்கொண்டு மற்றதைக் கணினியின் கோளாறு என்று ஒதுக்குபவர்கள் அதைவிடப் பலர். நான்கு எண்களும் உண்மை என்பதே என் வாதம். அளவு என்பது எழுத்துக்கு மட்டும் உரிய குணம் இல்லை. எழுத்துக்கும் அதைத் தாங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள உறவில் அது பிறக்கிறது. பொருநை எனும் தாமிரபரணிக் கரையின் ஏடுகளை மின்வடிவில் காப்பாற்ற நினைக்கும் எவரும் இந்த உறவை விளங்கிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

முதலில் அந்த 36-ஐப் பார்ப்போம். அது உள்ளடக்கத்தின் அளவு, ஆகவே ஐயத்துக்கு இடமில்லாதது என்று தோன்றும். அதுவும் ஓர் உடன்படிக்கையால் வந்த எண்தான். தி, ரு, நெ, ல், வே, லி என ஆறு எழுத்துகள். யூனிகோடு, 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியத் தரத்தைப் பின்பற்றியதால், அகரம் ஏறிய மெய்யை ஒரே குறியாகவும், மற்ற உயிர்களின் அடையாளத்தையும் புள்ளியையும் தனித்தனிக் குறிகளாகவும் வைத்தது. அதனால் ஆறு எழுத்து பன்னிரண்டு குறியானது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 36. இதையே யூடிஎஃப்-16 முறையில் எழுதினால் 24 போதும். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு மாற்றாக ஏற்ற டேஸ்16 குறியேற்றத்தில், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு என்பதால், 12 பைட்டில் ஊரே அடங்கிவிடும். தாமிரபரணி என்பதும் ஆறெழுத்துதான். ஆனால் அதில் மூன்று எழுத்துகள் வெறும் அகரம் ஏறியவை. ஆகவே யூடிஎஃப்-8-இல் 27 பைட் போதும். கொற்கை என்ற ஊர்ப்பெயரின் கதை இன்னும் விசித்திரம். அதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டாகவும் வைக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமமென்று ஏற்கிறது. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஒன்று 18 பைட், மற்றது 21. ஏட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே வைக்கவில்லை. ஓலை கிழிந்துவிடும் என்று அவர்கள் விட்டுவிட்ட அந்தப் புள்ளி, இன்று ஒவ்வொரு முறையும் மூன்று பைட்டைக் கேட்கிறது. உள்ளடக்கத்தின் அளவு என்று நாம் நம்பும் எண்ணுக்குள்ளேயே இத்தனை தீர்மானங்கள் ஒளிந்திருக்கின்றன.

4096 வந்த வழி வேறு. வட்டு என்பது பைட் பைட்டாக எடுத்துக் கொடுக்கும் கருவி இல்லை. பல பத்தாண்டுகள் அது 512 பைட் கொண்ட துண்டுகளாகவே படித்தது, எழுதியது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் துண்டு 4096 பைட்டாகப் பெரிதானது. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கோப்பு முறைமை, இந்தத் துண்டுகளைக் கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு கோப்புக்கு முழுதாக ஒதுக்குகிறது. 36 பைட் உள்ள கோப்புக்கும் ஒரு கட்டம், 4096 பைட் உள்ளதற்கும் ஒரு கட்டம், 4097 ஆகிவிட்டால் இரண்டு. கடைசிக் கட்டத்தில் எஞ்சும் வெற்றிடத்தை வேறு எந்தக் கோப்பும் தொட முடியாது. சராசரியாகப் பார்த்தால் ஒரு கோப்புக்கு அரைக் கட்டம் இப்படி வெறுமையாகப் போகும் என்று கொள்ளலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: இழப்பு கோப்பின் பருமனைப் பொறுத்து வளர்வதில்லை, கோப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே வளர்கிறது.

இடத்தை இப்படி வீணாக்குவானேன், கட்டத்தைச் சிறிதாக்கினால் தீர்ந்ததே என்பது இயல்பான மறுப்பு. இந்தக் கேள்விக்குச் சோதனை செய்து பதில் சொல்லப்பட்ட ஆண்டு 1984. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெக்குசிக், ஜாய், லெஃப்லர், ஃபாப்ரி ஆகிய நால்வர் யூனிக்ஸுக்காகப் புதிய கோப்பு முறைமை ஒன்றை அமைத்து, அதைப் பற்றி எழுதிய கட்டுரையில் தங்கள் வட்டுகளில் இருந்த கோப்புகளைக் கொண்டே கணக்கிட்டுக் காட்டினார்கள். 512 பைட் கட்டமானால் வீணாகும் இடம் 6.9 விழுக்காடு. 1024-க்கு 11.8. 2048-க்கு 22.4. 4096 என்று வைத்தால் 45.6. எண்களைப் பார்த்தால் சிறிய கட்டமே சிறந்தது என்று தோன்றும். ஆனால் சிறிய கட்டங்களால் ஆன பழைய முறைமை வட்டின் வேகத்தில் மிகச் சிறு பங்கையே பயன்படுத்தியது. ஒரு கோப்பின் துண்டுகள் வட்டெங்கும் சிதறிக் கிடந்ததால், படிக்கும் முனை ஒவ்வொன்றுக்கும் ஓடியோடித் தேட வேண்டியிருந்தது. பெரிய கட்டம் வந்தபோது அந்த வேகத்தில் ஏறத்தாழப் பாதி வரை கைக்கு வந்தது. வெற்றிடம் வேகத்துக்குக் கொடுத்த விலை. அந்த நால்வர் அத்துடன் நிற்காமல், ஒரு கட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பல சிறு கோப்புகளின் கடைசித் துணுக்குகள் ஒரே கட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளவும் வழி செய்தார்கள். வெற்றிடத்தைக் குறைகூறுபவர்கள் இந்த வரலாற்றை அறிந்தால், அது யாரோ அசட்டையாக விட்டுவைத்த ஓட்டை இல்லை, அளந்து பார்த்துத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட செலவு என்பது புரியும்.

இனி இதை ஒரு நூலுக்குப் பொருத்திப் பார்ப்போம். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரி, பழைய பெயரில் குருகூர், நம்மாழ்வார் பிறந்த ஊர். அவருடைய திருவாய்மொழியில் 1102 பாசுரங்கள். அதன் நூறு பதிகங்களில் தொண்ணூற்றொன்பதுக்குப் பதினொன்று வீதம், ஒன்றுக்கு மட்டும் பதின்மூன்று. இந்த நூல் முழுவதையும் ஒரே கோப்பாக யூடிஎஃப்-8-இல் எழுதினால் ஒரு மெகாபைட்டைத் தொடாது. பாசுரத்துக்கு ஒன்றாக 1102 கோப்புகளாகப் பிரித்து வைத்தால், உள்ளடக்கத்தின் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் 4096 பைட் கட்டங்கள் கொண்ட வட்டில் அவை 4408 கிலோபைட், அதாவது 4.3 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். விண்டோஸில் எக்ஸ்ஃபாட் முறையில் பார்மட் செய்த 64 ஜிபி பென்டிரைவில், வழக்கமாக ஒரு கட்டம் 128 கிலோபைட். அங்கே அதே 1102 பாசுரங்களுக்கு 1,41,056 கிலோபைட், ஏறத்தாழ 138 மெகாபைட் வேண்டும். என்டிஎஃப்எஸ் வட்டிலோ, ஏறத்தாழ 700 பைட்டுக்குள் அடங்கும் கோப்புகளை அதன் பெயர்ப்பதிவேட்டின் வரியிலேயே வைத்துவிடும் வழக்கம் உண்டு. தனிக் கட்டமே ஒதுக்கப்படாததால், பாசுரங்களில் பலவற்றுக்குப் பிடித்த இடம் 0 என்று காட்டும். ஒரே திருவாய்மொழி, ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு, நான்கு, நூற்று முப்பத்தெட்டு, சுழியத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. எந்த எண்ணிலும் பிழை இல்லை. எண்ணைச் சொன்னவர் இடத்தைச் சொல்லாமல் விட்டதே பிழை.

எழுத்தின் அளவையும் இடத்தின் அளவையும் தனித்தனியே பிரித்துப் பார்ப்பது கணினிக்காரர்கள் கண்டுபிடித்த நுட்பம் என்று யாரும் எண்ண வேண்டாம். இதே திருவாய்மொழியின் உரைகளே அதற்குச் சான்று. திருக்குருகைப்பிரான் பிள்ளான் எழுதியது ஆறாயிரப்படி. நஞ்சீயர் எழுதியது ஒன்பதினாயிரப்படி. வாதிகேசரி அழகிய மணவாள சீயருடையது பன்னீராயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளையுடையது இருபத்துநாலாயிரப்படி. நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்த ஈடு, முப்பத்தாறாயிரப்படி. ஒரு படி என்பது ஒற்று நீங்கலாக முப்பத்திரண்டு எழுத்து. உரைநூலின் பருமனையே அதன் பெயராக வைத்த மரபு இது. அந்த எண்ணை ஓலையின் நீளம் மாற்றாது. எழுதுபவரின் கை நெருக்கமாக எழுதினாலும் அகலமாக எழுதினாலும் மாறாது. ஒற்றை எண்ணாததால், ஏட்டில் புள்ளி வைத்தாரா விட்டாரா என்பதும் அதைத் தீண்டாது. முப்பத்தாறாயிரப்படி என்றால் 11,52,000 எழுத்துகள்; அகரம் மட்டுமே ஏறியவை என்று மிகக் குறைவாகக் கொண்டாலும் யூடிஎஃப்-8-இல் 34,56,000 பைட், ஒற்றுகளையும் உயிர்க்குறிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய இரு மடங்கு. படிக் கணக்கு எழுத்தின் அளவைச் சொன்னது. கட்டில் எத்தனை ஏடு, ஏடு ஒவ்வொன்றிலும் எத்தனை வரி என்பது இடத்தின் அளவைச் சொன்னது. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பழைய விளக்க அட்டவணைகளைப் புரட்டினால், சுவடியின் நீள அகலம், பக்கங்கள், பக்கத்துக்கு எத்தனை வரி என்று அத்தனையும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். அந்த அட்டவணைக்காரர்கள் எழுத்தையும் ஓலையையும் குழப்பிக்கொள்ளவில்லை. கோப்புறையின் மேல் சுட்டியை வைத்துத் தெரியும் ஒரே எண்ணைத் திட்ட அறிக்கையில் எழுதிவிடும் நாம்தான் குழப்பிக்கொள்கிறோம்.

ஏட்டிலும் வெற்றிடம் உண்டு. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுத்தாணி படாமல் ஒரு சிறு பரப்பை விடுவார்கள். கயிறு உரசி எழுத்தை அழித்துவிடும் என்பதால். கட்டின் முன்னும் பின்னும் எழுதாத ஏடுகள் காவலாக இருக்கும். இவற்றை வீண் என்று எவரும் சொன்னதில்லை. சிறு நூல்களுக்குத் தனிக் கட்டு போடுவது கட்டுப்படியாகாது என்பதால், பல நூல்களை ஒரே கட்டில் சேர்த்து எழுதியதும் உண்டு. பெர்க்லிக்காரர்கள் கடைசித் துணுக்குகளை ஒரே கட்டத்தில் சேர்த்ததும் இதே சிக்கனம்தான். இங்கேதான் என் வாதத்துக்கு வலுவான ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். அப்படியானால் எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவிட்டால் இரண்டு அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுமே, சிக்கலே இல்லையே என்று. பாதி சரி. தமிழுக்கு அது இரட்டிப்பு நன்மையும் தரும். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியின் மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது, இரண்டே மதிப்புகளில் ஏதோ ஒன்று. உண்மையில் எழுத்துக்கு எழுத்து வேறுபடுவது மூன்றாவதுதான். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கும் எந்த முறைக்கும் இது நல்ல வேட்டை. ஆனால் கட்டினால் கட்டுக்குரிய ஆபத்தும் கூடவே வரும். பல நூல்கள் சேர்ந்த சுவடிக்கட்டில் முதல் நூலின் பெயரை மட்டும் வெளியே எழுதிவைத்தால் உள்ளே இருப்பவை தேடுபவர் கண்ணில் படாமலே போகும். சுருக்கிக் கட்டிய கோப்பிலோ, பெயர்ப்பட்டியல் சிதைந்தாலோ நடுவில் சில பைட் கெட்டாலோ, அதைத் திறக்க மறுக்கும் மென்பொருள் நல்ல நிலையில் உள்ள பாசுரங்களையும் சேர்த்தே மறைத்துவிடும். தனித்தனிக் கோப்புகளாக இருந்தால் ஒன்று கெட்டால் ஒன்றுதான் கெடும். அந்தப் பிரிவுக்குத்தான் வெற்றிடத்தை விலையாகக் கொடுக்கிறோம். எழுத்துக் கோப்புகளுக்கு அந்த விலை நியாயமானது என்றே நினைக்கிறேன்.

படங்களுக்கு இந்தக் கவலை கிடையாது. நாற்பது சென்டிமீட்டர் நீளமும் மூன்று சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஓர் ஏட்டின் ஒரு பக்கத்தை, அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வண்ணத்தில் படமெடுத்துச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 20 மெகாபைட். 4096 பைட் கட்டமானால் அதில் வெற்றிடம் அதிகம் போனால் 4095 பைட், கணக்கிலேயே வராது. ஆனால் அந்தப் பக்கத்தில் உள்ள எழுத்தோ இரண்டு மூன்று கிலோபைட்டுக்குமேல் போகாது. ஆகவே படங்களை எடுத்து முடித்த ஒரு தொகுப்பின் பருமனை வைத்து எழுத்துத் தொகுப்பின் பருமனை ஊகிப்பதோ, அதைத் திருப்பிச் செய்வதோ வீண் வேலை. இரண்டிலும் வெற்றிடம் நடந்துகொள்ளும் விதமே வேறு.

இதுவரை சொன்னது, சொல்லும் அளவைவிடப் பிடித்த இடம் பெரிதாக இருக்கும் நிலை. அதில் நட்டம் இடம்தான். இதற்கு எதிர்த்திசையில் ஒரு வேறுபாடு உண்டு. எனக்கு அச்சம் தருவது அதுதான். கோப்பு 20 மெகாபைட் என்று சொல்லும். வட்டில் அதற்கென்று தனியே பிடித்த இடமோ மிகக் குறைவாகவோ 0 ஆகவோ இருக்கும். இது சில வகைகளில் நேரலாம். இடையில் வெறும் சுழியங்களாக உள்ள பகுதிகளை எழுதாமலே, அங்கே சுழியம் இருப்பதாகக் கொள்க என்று குறிப்பெழுதி வைக்கும் துளைக்கோப்புகள் ஒரு வகை. ஒரே உள்ளடக்கத்துக்கு இரண்டு பெயர் சூட்டி, ஒவ்வொன்றும் முழு அளவைச் சொல்லும்படி வைக்கும் இணைப்புகள் மற்றொன்று. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் போன்ற முறைமைகளில், நகல் எடுத்த கோப்பு மாற்றப்படும்வரை மூலத்தின் கட்டங்களையே பகிர்ந்துகொள்ளும். இரண்டு நகல் இருப்பதாகத் தெரியும், வட்டில் இருப்பது ஒன்றே. எல்லாவற்றிலும் மோசமானது மேகச் சேமிப்பின் நிழல்கோப்பு. ஒன்டிரைவ் போன்றவற்றில், கோப்பின் பெயரும் நாளும் அளவும் சிறுபடமும் கணினியில் இருக்கும். உள்ளடக்கம் தொலைதூரச் சேவையகத்தில் இருக்கும். கோப்புறையின் மொத்த அளவு இரண்டு டெராபைட் என்று பெருமையாகக் காட்டும். இணைய இணைப்பு அறுந்தால், அல்லது கணக்குக்குப் பணம் கட்டாமல் விட்டால், கையில் ஒரு பைட்டும் இராது.

கரிவலம்வந்தநல்லூருக்கு உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிப் போன கதையை அவருடைய ‘என் சரித்திரம்’ படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அந்த ஊர்க் கோயிலில் ஏடுகள் நிறைய உண்டு என்ற பேச்சு இருந்தது. போய்க் கேட்டபோது, அவை ஹோமத் தீயில் இடப்பட்டுவிட்டன என்று தெரிந்தது. பேச்சில் இருந்த அளவுக்கும் பரணில் இருந்த அளவுக்கும் இருந்த இடைவெளி அவரை அங்கே எதிர்கொண்டது. ஆழ்வார்திருநகரியில் அவருக்கு நேர்ந்தது இதற்கு மாறானது. அங்கே கவிராயர்களின் வீடுகளில் ஏடுகள் உண்மையிலேயே இருந்தன. 1889-இல் அவர் பதிப்பித்த பத்துப்பாட்டுக்கு அவை உதவின. கையில் எடுத்து அவிழ்த்துப் பார்க்கும்வரை இரண்டு ஊரையும் வேறுபடுத்த வழியில்லை. நிழல்கோப்புகளால் நிறைந்த ஒரு கோப்புறையையும், உண்மையான கோப்புகள் உள்ள கோப்புறையையும் சொல்லும் அளவை மட்டும் வைத்து வேறுபடுத்த முடியாததும் இப்படித்தான். பிடித்த இடத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். கட்டத்தின் வெற்றிடத்தைக் கண்டு எரிச்சல்படும் நாம், இந்த இரண்டாவது எண்ணை ஒரு தொல்லையாகப் பார்க்கப் பழகிவிட்டோம். அது நம் கையில் உள்ளது என்ன என்று சொல்லும் சாட்சி.

சொல்லும் எண்ணிலிருந்து இருக்கும் பொருளைக் கணிக்கும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதை தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் அணையின் நீர்மட்டம் படிப்பவர்கள் நன்கு அறிவார்கள். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, கொள்ளளவு 5500 மில்லியன் கன அடி. நாளிதழில் தினமும் வருவது அடிக்கணக்கு. மலைப்பள்ளம் கீழே போகப்போகக் குறுகுவதால், அடி பாதியானால் தண்ணீர் பாதிக்கும் வெகுவாகக் கீழே போய்விடும். அடியைத் தண்ணீராக மாற்றும் அட்டவணையோ, அணையின் அடியில் வண்டல் சேரச்சேரப் பழையதாகிக்கொண்டே வரும். மட்டத்தைப் படித்தவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் எத்தனை போகம் நெல்லுக்குத் தண்ணீர் விடலாம் என்று முடிவெடுப்பவர், மட்டத்தோடு நின்றுவிட்டால் பயிர் காயும்.

வட்டு மலிந்துவிட்ட காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. 138 மெகாபைட் இன்று யாருக்கும் பெரிதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. நகலைச் சரிபார்ப்பதைப் பற்றிப் பேசுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகடந்து திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஊர்களுக்குள் புகுந்தது. அத்தகைய நாளுக்குப் பிறகு, எந்த வீட்டில், எந்த அலமாரியில் இருந்த வட்டு பிழைத்தது, எந்த நகல் முழுமையானது என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அப்போது ஒருவர் இரண்டு வட்டுகளை ஒப்பிடுகிறார். ஒன்றில் திருவாய்மொழிக் கோப்புறை 138 மெகாபைட் பிடித்திருக்கிறது, மற்றதில் 4.3. இரண்டாவதில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி அதை அழித்துவிட்டால், ஈரம் பட்டுப் பழுதாகும் பென்டிரைவைக் காப்பாற்றி நல்ல வட்டை இழந்தவர் ஆவார். வட்டு வாங்கியபோது ஒரு டெராபைட் என்று அட்டையில் போட்டிருந்தது, விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது, ஆகவே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று பயப்படுபவர்களும் உண்டு. தயாரிப்பாளர் ஆயிரங்களாக எண்ணினார், விண்டோஸ் 1024-களாக எண்ணியது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அழித்த கோப்பை இன்னும் ஏதோ ஒரு நிரல் திறந்து வைத்திருந்தால், பட்டியலில் பெயர் இல்லாமலே வட்டில் அதன் இடம் பிடிபட்டிருக்கும் என்பதும் இதே வகைதான். இதையெல்லாம் அறியாதவர் பதற்றத்தில் எடுக்கும் முடிவுதான் விலை. வட்டின் விலை இல்லை.

நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி பற்றிக் குருபரம்பரைக் கதை ஒன்று உண்டு. அதைச் செம்மையாகப் படியெடுத்துத் தரும்படி நம்பிள்ளையிடம் கொடுத்தார். காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் ஏட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. கேட்டதை நினைவில் வைத்திருந்த நம்பிள்ளை முழுவதையும் மீண்டும் எழுதினார் என்பது கதை. வரலாறு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று பிரிக்க நான் முயலவில்லை. இடம் போனாலும் எழுத்து திரும்பி வரலாம் என்று நம்பிய ஒரு மரபு, அந்த எழுத்தின் அளவை ஓலையிலிருந்து பிரித்துப் படிக்கணக்கில் எண்ணியதில் வியப்பு இல்லை. திரும்ப எழுதப்பட்டது முழுமையா என்று சோதிக்க வேண்டுமானால், போன ஏடு எத்தனை முழம் இருந்தது என்ற கணக்கு உதவாது. எழுத்தை எண்ணிய கணக்குதான் உதவும்.

இவை பொறியாளர்களின் கவலை, ஏடு வைத்திருக்கும் குடும்பமோ ஊர் நூலகமோ கோயில் நிர்வாகமோ ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். படமெடுக்க வருபவர்கள் வேலை முடிந்ததும் ஒரு வட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டுக்குப் பொறுப்பு ஏட்டின் உரிமையாளர்தான். பத்து ஆண்டுகளில் வட்டு பழசாகும், வேறொன்றுக்கு மாற்ற வேண்டும், அப்போது பொறியாளர் பக்கத்தில் இருக்கமாட்டார். எனவே வட்டோடு ஒரு தாளும் கைமாற வேண்டும். நூலின் பெயர், திருவாய்மொழி. பாசுரங்கள், 1102. கோப்புகளின் எண்ணிக்கை. உள்ளடக்கத்தின் கூட்டுத்தொகை பைட்டில், கிலோபைட் மெகாபைட் என்று சுருக்காமல். குறியேற்றம் யூடிஎஃப்-8 என்பதும், கொற்கை போன்ற சொற்களில் ஒகரக் குறி ஒன்றாக வைக்கப்பட்டதா பிரித்து வைக்கப்பட்டதா என்பதும். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் கணக்கிட்ட சரிபார்ப்பு எண். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறாகிவிடும், எந்த வட்டில் இருந்தாலும் மாறாமல் இருக்கும். கடைசியாக, பிடித்த இடம்; அதற்குப் பக்கத்திலேயே எந்தக் கோப்பு முறைமை, கட்டம் எத்தனை பைட், எந்தத் தேதியில் பார்த்தது என்பவை. வட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வரியை அடித்துப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். அதற்கு மேலுள்ள வரிகளில் ஏதேனும் ஒன்று ஒத்துவராவிட்டால், புதிய நகலை ஏற்காமல், பழைய வட்டை அழிக்காமல், மறுபடி நகலெடுக்க வேண்டும்.